போர்வீரரும் செவிக்கருவியும்

போரில் இழந்த கையையும் காலையும் உலகம் காண்கிறது. இழந்த செவிப்புலனைக் காண்பதில்லை. உட்செவியில் நத்தையோடு போன்ற உறுப்பினுள் நுண்மயிர் அணுக்கள் உள. பீரங்கி முழக்கம் அவற்றை அழிக்கும். அழிந்தவை மீண்டும் முளையா. முதலில் உயர்ந்த சுருதியொலிகளே மறைவதால், வீரன் தன் குறையைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்கிறான்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலையை நோக்குவோம். ஆங்கு முன்னாள் வீரர் நலத்துறையில் 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் காதிரைச்சலுக்காக உதவித்தொகை பெறுகின்றனர். ஆயினும், குறை படைப்பணியால் நேர்ந்ததென்று மெய்ப்பித்தல் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வீரரைச் சோதித்த முறை யாது? சில அடி தொலைவில் நின்று மெல்லக் கூறிய சொல்லைத் திருப்பிச் சொல்வித்தலே. உயர்சுருதி இழப்பை அது காட்டாது. ஆதலின் கேடு காதில் இருந்தும் ஏட்டில் ஏறவில்லை. பணி நீங்கிய நாளில் செவி நன்றாயிருந்தது என்பதொன்றே மறுப்புக்குப் போதாதென 1993-இல் முன்னாள் வீரர் வழக்குகளுக்கான நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தகுதி பெற்றோர்க்கு அத்துறை கருவியையும் மின்கலத்தையும் இலவசமாய் அளிக்கிறது. குறை நூற்றுக்கு 0 என மதிக்கப்பட்டால் செவிக்குறைக்கென உதவித்தொகை இல்லை. ஆயினும் கருவி பெற வழியுண்டு. அதனை முழு மறுப்பெனக் கொண்டு வாளாவிருத்தல் கூடாது. தகுதி பெறாதார் நிலையே இரங்கத்தக்கது. முதியோர்க்கென 1965-இல் சட்டமான மெடிகேரின் மூலத்திட்டம் செவிக்கருவிக்குப் பணம் தருவதில்லை. மருத்துவர் பொருத்தும் இணைக்கருவியோ பல ஆயிரம் டாலர். 2022 முதல் கடைகளில் நேரே விற்கப்படும் கருவிகள் மென்குறைக்கும் நடுத்தரக் குறைக்குமே ஏற்றவை.

சான்று கொணர்க என்று வீரனைக் கேட்கும் அரசு, அச்சான்றை அன்று எழுதி வைத்திருக்க வேண்டியது தானே என்பதை மறத்தல் நீதியன்று.