இருவாயி கேட்கும் கூலி



1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோன பின்னர், எங்கள் வீட்டு வானொலி துவிச்சக்கரவண்டியின் டைனமோவாலேயே பேசிற்று. அண்ணா வண்டியை ஸ்ராண்டில் நிறுத்தி மிதிப்பார். அயலவர்கள் செய்தி கேட்கச் சூழ்ந்து நிற்பார்கள். டைனமோ தருவது திசைமாறிக்கொண்டிருக்கும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ ஒரே திசையிற் செல்லும் நேரோட்டம். ஆகவே இடையே நான்கு இருவாயிகளைப் பாலமாக இணைத்திருந்தோம். இருவாயி என்பது மின்னோட்டத்தை ஒரு பக்கமாக மட்டும் செல்லவிடும் உறுப்பு. அதனைக்கொண்டு ஆடலோட்டத்தை ஒருதிசைப்படுத்துவதே சீராக்கல் எனப்படும்.

இவ்வேலையை இருவாயி இலவசமாகச் செய்வதில்லை. சிலிக்கன் இருவாயி ஏறத்தாழ 0.6 வோல்ற்றைக் கூலியாக வாங்கிக்கொண்டே வழிவிடும். பாலத்தில் மின்னோட்டம் ஒவ்வொரு தடவையும் இரண்டு இருவாயிகளைக் கடப்பதால், டைனமோவின் 6 வோல்ற்றில் 1.2 வோல்ற்று அங்கேயே போய்விடும். அதை நாங்கள் பொருட்படுத்தியதில்லை. அண்ணா சற்று வேகமாக மிதித்தால் தீர்ந்தது.

பல ஆண்டுகளின் பின் வன்னியில் ஒரு பாடசாலையிற் பௌதிகம் கற்பித்தபோது இக்கதையை வகுப்பிற் கூறினேன். பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், சீராக்க வேண்டிய அழுத்தமே 0.6 வோல்ற்றிலும் குறைவென்றால்?" என்று கேட்டாள். இருவாயி கடத்தாது என்று கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றேன். விடை பிழையன்று. ஆனால், அப்போது என்ன செய்யலாம் என்பதையே அவள் அறிய விரும்பினாள். செயற்பாட்டு விரியலாக்கியின் படம் பாடநூலில் இருந்தது. எங்கள் ஆய்வுகூடத்தில் அதில் ஒன்றுகூட இருக்கவில்லை. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை உங்களுக்கு எழுதுகிறேன்.

அத்துணைச் சிறிய சைகையை யார் சீராக்குவார் என நீங்கள் எண்ணலாம். தசை சுருங்கும்போது தோலின்மேல் தோன்றும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ற்று அளவினதே. கையிழந்தோர் அணியும் மின்செயற்கைக் கை, எஞ்சிய தசையின் இச்சைகையைக்கொண்டே விரல்களை மூடித் திறக்கின்றது. சைகை நேரும் மறையுமாக ஆடுவதால் அதன் சராசரி பூச்சியத்தை அண்டியிருக்கும். ஆகவே பெருப்பித்துச் சீராக்கிய பின்னரே தசை எவ்வளவு வலிமையாகச் சுருங்கிற்று என்பதை அளக்க முடியும். பெருப்பித்த பின்னும் மெல்லிய சுருக்கத்தின் சைகை 0.6 வோல்ற்றை எட்டாமற் போகலாம். அதை இருவாயி விழுங்கிவிட்டால், அந்தக் கையால் ஒரு முட்டையை மெதுவாகப் பிடிக்க இயலாது. இக்காலத்தில் இவ்வேலையைக் கணினிச் சில்லுகளும் செய்கின்றன. எனினும் சுற்றின் தத்துவம் அறியத்தக்கது. எம் மண்ணிற் கையிழந்தோர் எத்தனை பேர் என்பதைப் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனிச் சுற்றுக்கு வருவோம். செயற்பாட்டு விரியலாக்கிக்கு + என்றும் − என்றும் இரு பெய்ப்புகளும் ஒரு பயப்பும் உண்டு. பின்னூட்டல் கொடுத்தால், இரு பெய்ப்புகளும் சமமாகும்வரை அது தன் பயப்பை ஏற்றி இறக்கும். சைகையை + பெய்ப்புக்குக் கொடுங்கள். பயப்பில் ஓர் இருவாயியை இணைத்து, அதற்கு அப்பாலிருந்து − பெய்ப்புக்குப் பின்னூட்டுங்கள். அதே இடத்திலிருந்து ஒரு தடையியைப் புவிக்கு இணையுங்கள். சைகை 0.1 வோல்ற்று என்க. இருவாயிக்கு அப்பாலும் 0.1 வோல்ற்று வரவேண்டுமாயின் பயப்பு 0.7 வோல்ற்றுக்கு ஏறவேண்டும். விரியலாக்கி அவ்வாறே ஏறும்! கூலியைச் சைகையின் மடியிலிருந்து எடுக்காமல், மின்வழங்கலின் பணத்தில் விரியலாக்கி கட்டிவிடுகின்றது. கிளாலியிற் படகேறிய பெற்றோருக்கு இந்தக் கூலிக் கணக்கு எளிதில் விளங்கும்.

கூலி முற்றாக மறைவதில்லை. விரியலாக்கியின் நயத்தால் வகுக்கப்படுகின்றது. 1968இல் வெளிவந்த 741 என்னும் விரியலாக்கியின் நயம் தாழ்ந்த மீடிறன்களில் ஏறத்தாழ 2,00,000. ஆகவே 0.6 வோல்ற்று 3 மைக்கிரோவோல்ற்றாகச் சுருங்கும். 1,000 ஹேட்சில் அதன் நயம் ஏறத்தாழ 1,000 தான். அப்போது இழப்பு 0.6 மில்லிவோல்ற்று.

படத்தை மட்டும் பார்த்துப் படிப்போர் தவறவிடும் குறையொன்று உண்டு. சைகை மறையாகும்போது இருவாயி அடைபடும், பின்னூட்டல் அறும். விரியலாக்கி கட்டறுத்த மாடுபோல் ஓடி, ±15 வோல்ற்று வழங்கலில் ஏறத்தாழ −13 வோல்ற்றில் முட்டி நிற்கும். சைகை மீண்டும் நேராகும்போது அது அங்கிருந்து திரும்பிவர வேண்டும். 741இன் பயப்பு ஒரு மைக்கிரோசெக்கனில் 0.5 வோல்ற்றே நகரும்; ஆகவே 27 மைக்கிரோசெக்கன் வீணாகும். 50 ஹேட்சில் இது ஒன்றுமில்லை. 10,000 ஹேட்சில் அரைச் சுற்றே 50 மைக்கிரோசெக்கன் என்பதால் பாதிக்கு மேல் பறிபோகும்.

இதற்குப் பரிகாரம் இரண்டாவது இருவாயி. சைகையை 10 கிலோஓம் தடையியூடாக − பெய்ப்புக்குக் கொடுத்து, + பெய்ப்பைப் புவியோடு இணைக்க. பின்னூட்டலுக்கு இரண்டு வழிகள் அமைக்க: ஒன்றில் ஓர் இருவாயியும் 10 கிலோஓம் தடையியும், மற்றையதில் எதிர்த்திசையில் ஓர் இருவாயி மட்டும். எந்த அரைச் சுற்றிலும் ஒரு வழி திறந்திருக்கும். மாடு கட்டிலேயே நிற்கும். இருவாயிகளை மாற்றிக் கடத்தப் பயப்பு 1.2 வோல்ற்று நகர்ந்தாற் போதும், 2.4 மைக்கிரோசெக்கன்.

இச்சுற்று, முதல் வழியின் இருவாயியும் தடையியும் சந்திக்கும் புள்ளியில், நேர் அரைச் சுற்றைப் புரட்டித் தரும்; மறை அரைச் சுற்றில் பூச்சியம் தரும். இரண்டு அரைகளும் வேண்டுமாயின், இரண்டாம் விரியலாக்கியொன்றில் மூலச்சைகையோடு இதன் இருமடங்கைக் கூட்டிப் புரட்ட வேண்டும். இருமடங்காக்க 5 கிலோஓம் தடையி தேவை. அதைக் கடையில் தேடாதீர்கள். ஒரே பட்டியிலிருந்து வெட்டிய இரண்டு 10 கிலோஓம் தடையிகளைச் சமாந்தரமாக இணையுங்கள். மற்றைய தடையிகளையும் அதே பட்டியிலிருந்தே எடுங்கள். பின்னர் 0.1 வோல்ற்றுச் சைகை கொடுத்து அலைவுகாட்டியிற் பாருங்கள். புடைப்புகள் ஒன்றுவிட்டொன்று உயரம் குறைந்து தோன்றினால் விரியலாக்கியைக் குறைகூறாது, முதலில் தடையிகளை அளந்து பாருங்கள்.