ஏறுகிற வண்டிக்கு வழி விடு, பாப்பா

நேற்று ராத்திரி போனில் நீ அழுததைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. "பெருசா ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் சின்னச் சின்ன விஷயம்தான், ஆனா தாங்க முடியல" என்றாய். துணி காயவில்லை. பஸ் வரவில்லை. மழை தூறினாலே கரண்ட் போகிறது. வீட்டுக்குள் சிக்னல் இல்லாமல், வாசல் தாண்டி மேட்டில் ஏறி நின்று பேசுகிறாய். கொல்லிமலைக்கு வேலைக்குப் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. நான் அதே மலையில், செம்மேட்டில் பதினொரு வருஷம் இருந்துவிட்டு இறங்கி வந்தவள். அதனால் சொல்கிறேன், கேள்.

முதலில், சின்ன விஷயத்துக்குப் போய் அழுகிறோமே என்று வெட்கப்படாதே. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸும் அவருடைய சகாக்களும் 1981-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நடுத்தர வயதுள்ள 100 பேரைப் பத்து மாதம் கவனித்தார்கள். அன்றாட எரிச்சல்கள் என்று 117 விஷயங்களைப் பட்டியல் போட்டு, மாதாமாதம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். சாவு, வேலை இழப்பு மாதிரியான பெரிய அடிகளைவிட, இந்தத் தினசரித் தொந்தரவுகள்தான் மன உளைச்சலின் அறிகுறிகளோடு நெருக்கமாக ஒட்டியிருந்தன என்று கண்டார்கள். பெரிய துக்கம் வந்தால் ஊரே வந்து பக்கத்தில் உட்காரும். துணி காயவில்லை என்றால் யார் வரப்போகிறார்கள்? அதைத் தனியாகத்தான் சுமக்கிறோம்.

ஆகவே முதல் வேலை, அதைக் கணக்கெடுப்பது. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளைத் தூக்கிப் போடாதே. அதன் பின்பக்கம் அன்றைக்கு எரிச்சல் மூட்டியது என்ன என்று இரண்டு வரி எழுதி, ஒரு டப்பாவில் போட்டு வை. ஞாயிற்றுக்கிழமை ஏழு தாளையும் எடுத்துப் படி. பாதிக்கு மேல், இதற்கா இவ்வளவு பட்டோம் என்று தோன்றும். அவற்றைக் கிழித்து அடுப்பில் போடு. ஒரே விஷயம் மூன்று தாளில் வந்திருந்தால் அதை மட்டும் தனியாக எடு. அது மனசை அடக்கிக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை, கையால் சரிசெய்ய வேண்டிய விஷயம்.

என் தாள்களில் மூன்று முறை வந்தது ஈரத்துணி. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், பனி மூடினால் நாள் முழுக்க வெயிலைப் பார்க்க முடியாது. பையனின் யூனிஃபார்மைத் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்துக் காலை நேரமே கசந்துபோகும். கடைசியில் இன்னொரு செட் யூனிஃபார்ம் வாங்கினேன். அடுப்புக்கு மேலே, தீ எட்டாத உயரத்தில் ஒரு கொடி கட்டினேன். அன்றோடு தீர்ந்தது. உப்பு ஜாடியில் நாலு அரிசி மணி போட்டு வை, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்கும், பாட்டிலை ராத்திரியே அடுப்பு மேடையில் வைத்துவிடு. காலையில் குளிருக்குள் அதைக் குலுக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். சோளக்காட்டிலிருந்து காரவள்ளி இறங்குகிற நாளில் காலையில் அரை வயிற்றுக்குச் சாப்பிடு, இரண்டு எலுமிச்சம்பழம் பையில் இருக்கட்டும். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அது எத்தனையாவது என்று பலகையில் எழுதியிருக்கும். அதை எண்ணாதே, எண்ணினால்தான் குமட்டும்.

பொறுத்துக்கொள், பொறுத்துக்கொள் என்று பெண்களிடம் மட்டும் சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மலையிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. அங்கே சாமை ஆக்கித் தின்பது குறைந்துபோனதற்கு ஒரு முக்கியமான காரணம், அதை உரலில் போட்டுக் குத்தி உமி நீக்கும் வேலை. சாமையின் உமி லேசில் பிரியாது. குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். அந்த உலக்கை முழுக்கப் பெண்கள் கையில்தான் இருந்தது. இன்னொரு பக்கம் குச்சிக்கிழங்கு பணப்பயிராகப் பரவியது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானிய வேலையைத் தொடங்கியபோது, பாரம்பரியம், சத்து என்று பேசுவதோடு விடவில்லை. உமி நீக்கவும் மாவாக்கவும் இயந்திரங்களைக் கொண்டுவந்து ஊர்க் குழுக்களிடம் கொடுத்தார்கள். உலக்கை பிடித்த கைக்குத் தேவைப்பட்டது இயந்திரம். பொறுமை அந்தப் பெண்களிடம் ஏற்கெனவே வேண்டிய அளவு இருந்தது.

சரி, சரிசெய்யவே முடியாததை என்ன செய்வது? பஸ் வராததும் பனி மூடுவதும் உன் கையில் இல்லை. அந்த எரிச்சலில் வீட்டில் ஒருவரோடொருவர் மோதாமல் இருக்க அந்த மலையே ஒரு வழி சொல்கிறது. குறுகலான மலைப்பாதையில் ஒரு விதி உண்டு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். சட்டத்திலேயே இருக்கிறது. கீழே ஹாரன் சத்தம் கேட்டதும் இறங்குகிற பஸ் வளைவுக்கு முன்னாலேயே ஓரம் கட்டி நிற்கும். டிரைவர் முனகமாட்டார், கீழேயே பார்த்துக்கொண்டிருப்பார். ஏறுகிற வண்டி உறுமிக்கொண்டு தாண்டிப் போனதும் கியரைப் போட்டு நகர்த்துவார். இதை நான் வீட்டுக்குள்ளும் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு யார் ஏறுகிறார்கள்? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையா, காய்ச்சலில் கிடக்கிற மாமியாரா, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த அவரா? அவர்களுக்கு வழிவிடு. நீ ஏறுகிற நாளில், "இன்னைக்கு எனக்கு முடியல, நீங்க பாத்துக்கங்க" என்று வாய்விட்டுச் சொல். ஹாரன் அடிக்காமல் வளைவில் திரும்பினால் எதிரே வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

நான் ஹாரன் அடிக்காமல் திரும்பிய ஒரு நாள் உண்டு. ரேஷன் கடையில் இரண்டு மணி நேரம் நின்றேன். மெஷினில் கைரேகை பதியவில்லை, சிக்னல் இல்லை, நாளைக்கு வா என்றார்கள். வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். அப்போது பையனுக்கு ஆறு வயசு. டம்ளரைத் தட்டிப் பாலைக் கொட்டிவிட்டான். நான் போட்ட சத்தத்தில் பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கூப்பிட்டும் வரவில்லை. அன்றிலிருந்து, வெளியே எரிச்சலாகி வந்தால் வாசற்படியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, கால் கழுவி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்த பிறகே உள்ளே போவேன். நீயும் அப்படிச் செய், பாப்பா. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

ராத்திரி படுத்ததும் எல்லாம் வரிசை கட்டி வருகிறது என்றாயே, அதற்கும் வழி இருக்கிறது. தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1983-ல் சோதித்துப் பார்த்தது. தினம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் கவலைக்கென்றே ஒதுக்குவது. மற்ற நேரத்தில் கவலை தலைகாட்டினால், "சாயங்காலம் வா" என்று தள்ளிவைப்பது. படுக்கைக்குப் பக்கத்தில் அந்த நேரத்தை வைக்காதே. விளக்கு வைப்பதற்கு முன்னால் திண்ணையில் உட்கார்ந்துகொள். எனக்கு இது பழகவே மூன்று வாரம் பிடித்தது.

எல்லாவற்றையும் சின்ன விஷயம் என்று விழுங்கிவிடவும் கூடாது. குடிதண்ணீர் வராதது, பிரசவ வலியில் இருப்பவளுக்கு வண்டி கிடைக்காதது, பள்ளிக்கூடத்தில் கழிப்பறை இல்லாதது எதுவும் சின்ன விஷயம் அல்ல. அதற்குக் கோபப்படு. நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடு. துணி காயாததற்குச் செலவாகும் கோபத்தை மிச்சம் பிடித்து வைத்தால் இதற்கு உதவும்.

இவ்வளவும் செய்து பார்த்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், காரணமில்லாமல் அழுகை வந்தால், அதை மலைக் குளிர் என்று நினைத்து விட்டுவிடாதே. மேட்டில் ஏறி, சிக்னல் வந்ததும் முதலில் 14416-ஐக் கூப்பிடு. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அப்புறம் எனக்குப் போன் பண்ணு.