பாட்டரியின் மேல் பழி

கோடை விடுமுறை கழிந்து ஊரிலிருந்து திரும்புகிறோம். விடுதி வாயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பொத்தானை அழுத்தினால் ‘டிக்’ என்னும் ஒலி மட்டுமே கேட்கிறது. உடனே, “பாட்டரி போயிற்று” என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். சென்ற ஆண்டு நானும் உபகாரச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துப் புதுப் பாட்டரி வாங்கினேன். மூன்றாம் நாள் மீண்டும் அதே ‘டிக்’! குற்றம் வேறிடத்தில் இருந்தது. பாட்டரியின் எதிர்முனையை எஞ்சினோடு பிணைக்கும் கம்பியின் நுனியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

இதற்கு விளக்கம் நாம் பள்ளியில் படித்த ஓம் விதியே. ஸ்டார்ட்டர் சுழல 50 ஆம்பியர் தேவையெனக் கொள்வோம். களிம்பின் தடை பத்தில் ஒரு ஓம் என்றால், அவ்வளவு மின்னோட்டம் அதைக் கடக்க 5 வோல்ட்டு வேண்டும். 12 வோல்ட்டில் எஞ்சிய 7 வோல்ட்டு எதற்குப் போதும்? விளக்குக்கோ சில ஆம்பியரே தேவை, அது எரிந்துவிடும். விளக்கு எரிவதைக் கண்டு இணைப்பெல்லாம் சரியென்று நம்புவது இதனால்தான் பிழையாகிறது.

ஆகவே, கடைக்குப் போகுமுன் ஒரு மல்டிமீட்டரை இரவல் வாங்குங்கள். சில மணி நேரம் ஓய்ந்திருந்த ஈய அமிலப் பாட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12 வோல்ட்டை ஒட்டி நின்றால் ஏறக்குறைய வெறுமை. அடுத்து, மீட்டரின் ஒரு முள்ளைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பே குற்றவாளி. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே சிறிது வாஸ்லின் பூசினால் போதும். எஞ்சின் மிதமான வேகத்தில் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வரை வரவேண்டும். வராவிட்டால் மின்னேற்றம் நடக்கவில்லை. 15க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டு, பாட்டரியையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

கைப்பிடியைத் திருப்பும்போது மட்டும் பியூஸ் எரிகிறதா? வண்டியின் கழுத்தருகே கம்பியின் உறை தேய்ந்து சட்டத்தில் படுகிறது என்று பொருள். அங்கே பெரிய பியூஸைப் போடுவது (நம் விடுதியில் இந்த வைத்தியத்துக்குப் பெரும் மதிப்பு உண்டு!) தீயை விருந்துக்கு அழைப்பதாகும்.

ஊருக்குப் புறப்படும் நாளில் பாட்டரியை நிறைய மின்னேற்றி, கம்பியைக் கழற்றிவிடுங்கள். வெறுமையாய் நெடுநாள் கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட்டு கெட்டிப்பட்டுவிடும். கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். மாறிச் செய்தால் ஸ்பானர் சட்டத்தில் பட்டுப் பொறி பறக்கும். தள்ளிக் கிளப்பிக்கொள்ளலாம் என்றும் எண்ணாதீர்கள். 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 விதி வந்தபின் விற்ற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்ரோலை உட்செலுத்தும் பம்புக்கே மின்சாரம் வேண்டும். பாட்டரி அறவே வற்றிவிட்டால், அறைத் தோழர் நால்வர் தள்ளினாலும் அவ்வண்டி கிளம்புவது அரிது.