கண் வெளியே, கை குமிழில்

தங்கச்சி, வீட்டுக் கம்ப்யூட்டர்ல செஸ்னா 172 ஓட்ட ஆரம்பிச்சுட்டே, ஜாய்ஸ்டிக்கும் கைக்குப் பழகிடுச்சு. இனிமேதான் காக்பிட்டோட மல்லுக்கட்டு. ஹெடிங்கைத் திருப்பலாம்னு மவுஸைக் கொண்டுபோனா பக்கத்துக் குமிழ் சுத்துது. அதைச் சரிபண்ணி நிமிர்ந்து பார்த்தா விமானம் ஒரு பக்கம் சாஞ்சு 500 அடி இறங்கியிருக்கு. இதுக்காக உடனே பெரிய பேனல் எதையும் வாங்கிடாதே. அக்கா சொல்ற வரிசையில போ.

முதல்ல காசு செலவில்லாத வேலை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-ல ஜெனரல் ஆப்ஷன்ஸுக்குள்ள ஆக்ஸசிபிலிட்டி பக்கத்துல காக்பிட் இன்டராக்‌ஷன்னு ஒரு அமைப்பு இருக்கும். அது 'லாக்'ல இருந்தா, குமிழை முதல்ல கிளிக் பண்ணிப் பிடிச்சுக்கிட்டுத்தான் திருப்ப முடியும். 'லெகசி'க்கு மாத்திட்டா மவுஸை மேல வெச்சுச் சக்கரத்தை உருட்டினாலே போதும். மவுஸ்லயே பறக்கிறவங்களுக்கு லெகசிதான் நிம்மதி. அடுத்தது கேமரா. ரேடியோ அடுக்குக்கு நேரா ஒரு பார்வை, ஆல்டிமீட்டருக்கு ஒண்ணு, கீழே ஃப்யூயல் செலக்டருக்கு ஒண்ணுன்னு அமைச்சு, கன்ட்ரோல், ஆல்ட்டோட ஒரு எண்ணை அழுத்திச் சேமிச்சு வை. பறக்கும்போது ஆல்ட்டையும் அந்த எண்ணையும் தட்டினா பார்வை நேரா அங்கே போயிடும். ரெண்டாவது மானிட்டர் இருந்தா, வலது ஆல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு ஜி1000 கருவித் திரையைக் கிளிக் பண்ணு. அது தனி ஜன்னலா வெளியே வரும், அந்த மானிட்டருக்கு இழுத்துப் போட்டுக்கலாம்.

இன்னும் ரெண்டு விசையை மனசுல வெச்சுக்கோ. பி (B) தட்டினா அந்த இடத்துக் காற்றழுத்தம் ஆல்டிமீட்டர்ல ஏறிடும். டி (D) தட்டினா ஹெடிங் காட்டி திசைகாட்டியோட ஒத்துப்போகும். அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் தப்பா இருந்தா உயரம் கிட்டத்தட்ட 300 அடி தப்பாக் காட்டும், மூடுபனியில இறங்கும்போது அது விளையாட்டு இல்ல. பழைய வட்ட மானிகள் இருக்கிற செஸ்னாவுல ஜைரோ மெல்ல மெல்ல விலகும். நிஜ விமானிகள் சுமார் கால் மணிக்கு ஒருமுறை அதைத் திசைகாட்டியோட பொருத்திப் பார்ப்பாங்க. நீயும் அதே பழக்கத்தை இப்பவே பிடிச்சுக்கோ.

இனி கையால தொடுற குமிழ்கள். எதுக்கு வாங்கணும், எதுக்கு வேண்டாம்னு நான் ஒரே அளவுகோல்தான் வெச்சிருக்கேன். கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கவேண்டிய நேரத்துல கை எதைத் தேடுதோ, அதுக்கு மட்டும் நிஜக் குமிழ். ஹெடிங், உயரம், அழுத்தம், டிரிம், ரேடியோ, அவ்வளவுதான். பேட்டரி, ஏவியானிக்ஸ் மாஸ்டர், ஃப்யூயல் பம்ப் எல்லாம் பெரும்பாலும் தரையில நிக்கும்போது தொடுறது, மவுஸே போதும். முப்பது ஸ்விட்ச் வெச்ச பலகை பார்க்க அழகா இருக்கும். ஆனா எந்த ஸ்விட்ச் எங்கேன்னு தேட மறுபடியும் கண்ணைக் கீழே இறக்கணும்.

வாங்கும்போது பொட்டென்ஷியோமீட்டரையும் ராட்டரி என்கோடரையும் குழப்பிக்காதே. பொட்டென்ஷியோமீட்டர் வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி, ரெண்டு பக்கமும் ஒரு எல்லையில நின்னுடும். த்ராட்டிலுக்கும் மிக்ஸ்சருக்கும் அது சரி. ஹெடிங் 359-ஐத் தாண்டி மறுபடி 0-க்கு வரணுமே, அதுக்கு முடிவில்லாம சுத்துற என்கோடர்தான் வேணும். சாதாரண என்கோடர் ஒரு சுற்றுக்கு 20 சொடுக்கு. ஒரு சொடுக்குக்கு ஒரு டிகிரின்னா, 180 டிகிரி திரும்ப ஒன்பது சுற்று சுத்தணும், கை வலிச்சிடும். அதனால குமிழைச் சிமுலேட்டரோட இணைக்கிற மோபிஃப்ளைட் மென்பொருள்ல 'ஃபாஸ்ட்'னு தனியா இருக்கிற செயலுக்கு 10 டிகிரி கொடு. மெல்லத் திருப்பினா ஒண்ணு, வேகமாத் திருப்பினா பத்து. ஒரு சொடுக்குக்கு ரெண்டு படி தாவினாலோ, ரெண்டு சொடுக்குக்கு ஒருமுறைதான் நகர்ந்தாலோ என்கோடர் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடாதே. அமைப்புல என்கோடர் வகையை மாத்திப் பாரு.

மோபிஃப்ளைட் இலவசம். ஆர்டுயினோ மெகா பலகை ஒண்ணு வாங்கினா 54 டிஜிட்டல் பின் கிடைக்கும். ஒரு என்கோடருக்கு ரெண்டு பின், அழுத்துற பட்டனுக்கு இன்னொண்ணு. என்கோடர்ல மூணு கால் இருக்கிற பக்கத்துல நடுக்கால் கிரவுண்டுக்குப் போகும். பலகைக்குள்ளேயே புல்-அப் இருக்கிறதால தனி ரெசிஸ்டர் வேண்டாம். சென்னையில இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல எல்லாமே கிடைக்கும். சால்டரிங் பிடிக்கலைன்னா பெஹ்ரிங்கர் எக்ஸ்-டச் மினின்னு இசைக்காரங்க வெச்சிருக்கிற கருவி ஒண்ணு இருக்கு. எட்டு என்கோடர் அதுலயே இருக்கும், சிமுலேட்டர் ஓட்டுறவங்க பல பேர் அதைத்தான் வெச்சிருக்காங்க.

இப்போ நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிறது. மேலே கீழேன்னு நிலை தெரியுற டாகிள் ஸ்விட்சுக்கு 'டாகிள்' கட்டளையைக் கொடுக்கவே கூடாது. லேண்டிங் லைட் ஸ்விட்ச் கீழே இருக்கு, ஆனா சிமுலேட்டர் விளக்கு எரியுற நிலையிலயே விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்குன்னு வெச்சுக்கோ. நீ மேலே தட்டினா விளக்கு அணையும். அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் எல்லாம் தலைகீழ். மேலே தட்டினா 'ஆன்', கீழே தட்டினா 'ஆஃப்'னு தனித்தனிக் கட்டளை கொடு. எக்ஸ்-பிளேன் சிமுலேட்டர்ல விளக்குக்கு ஆன், ஆஃப், டாகிள் மூணும் தனித்தனியா இருக்கு, முதல் ரெண்டை எடுத்துக்கோ. அழுத்தினா திரும்பி வந்துடுற பட்டனுக்கு மட்டும் டாகிள் போதும். பறக்க உட்கார்ந்ததும் எல்லா ஸ்விட்சையும் ஒருமுறை மேலே கீழே தட்டிடு. கையும் திரையும் ஒண்ணாகிடும்.

குமிழ்களுக்கு மூடி மாட்டும்போது எல்லாத்துக்கும் ஒரே மாதிரி அழகா மாட்டாதே. இரண்டாம் உலகப் போர்க் காலத்துல பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமா இறங்கினபிறகு, ஃப்ளாப்பை மடக்குறதா நினைச்சு விமானிங்க சக்கரத்தை மடக்கிடுவாங்க. ரெண்டு ஸ்விட்சும் பக்கத்துப் பக்கத்துல, ஒரே மாதிரி இருந்துச்சு. அல்ஃபோன்ஸ் சபானிஸ்ங்கிற உளவியலாளர் அதைக் கவனிச்சு, ஒண்ணுக்குச் சின்னச் சக்கரமும் இன்னொண்ணுக்கு ஆப்பு வடிவமும் மாட்டவெச்சார். பெரிய விமானங்கள்ல இன்னைக்கும் லேண்டிங் கியர் கைப்பிடி சக்கர வடிவத்துலதான் இருக்கு. களைச்சுப்போன விமானியோட விரலுக்கு அவர் அவ்வளவு மரியாதை கொடுத்திருக்கார்னு நினைச்சா எனக்கு மனசு நெகிழும். நீயும் ஹெடிங்குக்கு வழவழன்னு ஒண்ணு, உயரத்துக்கு வரி வரியா ஒண்ணு, அழுத்தத்துக்குச் சின்னதா ஒண்ணுன்னு மாட்டு. கண்ணை மூடிக்கிட்டு நான் பேர் சொல்லச் சொல்ல நீ தொடணும்.

ஏர்பஸ் ஓட்ட ஆசை வந்தா ஒரு விஷயம். அதுல ஹெடிங் குமிழை அழுத்தினா கம்ப்யூட்டர் பார்த்துக்கும், வெளியே இழுத்தா நீ சொன்ன திசைக்குப் போகும். மலிவான என்கோடரை அழுத்தத்தான் முடியும், இழுக்க முடியாது. பக்கத்துல ஒரு சின்னப் பட்டன் வெச்சு அதை 'இழு'ன்னு ஆக்கிக்கோ. ஃப்ளை பை வயர் குழுவோடது மாதிரி கூடுதலா இறக்குற விமானங்களுக்கு அதனதன் தனிக் கட்டளைகள் உண்டு. செஸ்னாவுல வேலை செஞ்சது அங்கே அசையலைன்னா வயரைப் பிடுங்காதே, முதல்ல மோபிஃப்ளைட்டோட ஹப்ஹாப் பட்டியல்ல அந்த விமானத்தைத் தேடு.

மிச்சம் சில்லறை வேலைதான். மிக்ஸ்சரை முழுசா இழுத்தும் இன்ஜின் அணையலைன்னா அச்சு 0 வரைக்கும் போகலைன்னு அர்த்தம், காலிபிரேட் பண்ணு. ஒரே வேலைக்கு ரெண்டு கருவி கட்டியிருந்தா ஃப்ளாப் தானா ஆடும், ஒண்ணை நீக்கு. நீண்ட பறப்புல கருவி திடீர்னு துண்டிச்சா விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்ல யுஎஸ்பி ஹப்போட மின்சேமிப்பை எடுத்துவிடு. மோபிஃப்ளைட் கோப்பை விமானத்துக்கு ஒண்ணா பேர் போட்டுச் சேமிச்சு, பென் டிரைவ்ல ஒரு நகல் வெச்சுக்கோ.