திரும்பி வந்த மெயிலை முழுசாகப் படியுங்கள்

தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது எங்கள் சோரியாங்குப்பம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். இரண்டு பக்கமும் வியாபாரம் செய்கிற சின்ன நிறுவனங்களுக்கு மெயில் வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். "அனுப்பினேன், போகலை சார்" என்று யார் வந்தாலும், திரும்பி வந்த மெயிலைத்தான் முதலில் கேட்பேன். பலர் அதை அழித்துவிட்டு வருவார்கள். ஆனால் மெயில் போகாத காரணம் அதற்குள்தான் எழுதியிருக்கும்.

அதில் ஒரு மூன்று இலக்க எண்ணைத் தேடுங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிக மறுப்பு. முன்பின் தெரியாத சர்வரைச் சற்றுக் காக்க வைத்துப் பார்க்கும் 'கிரேலிஸ்டிங்' காரணமாக இருக்கலாம். ஒழுங்கான சர்வர் தானே மறுபடி முயலும், பொறுத்திருங்கள். 5-இல் தொடங்கினால் அது முடிவான மறுப்பு. காரணத்தைச் சரிசெய்யாமல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை.

ஒரு கடையின் பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து போன இன்வாய்ஸ்கள் எல்லாம் 550 5.7.1 என்று திரும்பின. கடைக்காரர் போனிலிருந்து அனுப்பினால் போய்ச் சேர்ந்தது. பிழைச் செய்தியின் கடைசி வரியில் 'ஸ்பாம்ஹாஸ் பி.பி.எல்.' என்று இருந்தது. நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத, வீட்டு பிராட்பேண்ட் போன்ற இணைப்புகளின் ஐ.பி.க்கள் அடங்கிய பட்டியல் அது. அதில் இருப்பதால் யாரும் ஸ்பாம் அனுப்பியதாக அர்த்தமில்லை. சாஃப்ட்வேரோ கடையின் இணைப்பிலிருந்து போர்ட் 25 வழியாகத் தானே நேராக அனுப்பிக்கொண்டிருந்தது. பட்டியலிலிருந்து நீக்கக் கேட்பது இங்கே தீர்வாகாது, மாறும் ஐ.பி. நாளை வேறாகிவிடும். மெயில் கணக்கின் எஸ்.எம்.டி.பி. சர்வர், போர்ட் 587, யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்தோம். இன்வாய்ஸ்கள் போயின.

சொந்த டொமைனில் மெயில் வைத்திருப்பவர்கள், மெயில் உண்மையில் உங்களுடையதுதானா என்று பெறுபவரின் சர்வர் சரிபார்க்க உதவும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று சான்றுகளையும் அமைத்துவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கறாராக இருக்கின்றன. ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லோருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஒரு நாளில் 5,000 மெயிலைத் தொடுகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். 5.7.26 என்று திரும்பினால் இந்தச் சான்றுகளில்தான் குறை.

அமைப்பதற்கு முன், உங்கள் பெயரில் மெயில் அனுப்புவது எவையெல்லாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள்: ஆபீஸ் மெயில், வெப்சைட் படிவம், பில்லிங், விளம்பர மெயில் சேவை. எல்லாம் ஒரே எஸ்.பி.எஃப். பதிவுக்குள் வர வேண்டும். ஒவ்வொரு சேவைக்கும் தனிப் பதிவு போட்டால் மொத்தமும் செல்லாமல் போகும். ஒரு பதிவுக்குள் 10 டி.என்.எஸ். தேடலுக்கு மேல் போகவும் கூடாது. மெயிலை இன்னொரு முகவரிக்கு ஃபார்வர்டு செய்தால் எஸ்.பி.எஃப். பெரும்பாலும் தவறும், டி.கே.ஐ.எம். கையெழுத்து, உள்ளடக்கம் மாறாதவரை நிற்கும். அதனால் இரண்டும் தேவை.

அமைத்தது சரியா என்று பார்க்க, டொமைன் முகவரியிலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று வர வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மறுத்தால், வேறு முகவரியிலிருந்து, மறுக்கும் டொமைனின் 'போஸ்ட்மாஸ்டர்' முகவரிக்கு எழுதுங்கள். அனுப்பிய நேரம், ஐ.பி., பிழை வரி மூன்றையும் அப்படியே ஒட்டுங்கள். "என் மெயில் வரவில்லை" என்று மட்டும் எழுதினால் லாகில் தேட அவர்களுக்கு வழியில்லை.

சர்வர் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சந்தேக மெயிலைச் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். காரணத்தைத் தெளிவாக எழுதி மறுத்து அனுப்புங்கள். அனுமதிப் பட்டியலில் சேர்ப்பதானால், அனுப்புநர் முகவரியை மட்டும் நம்பாதீர்கள்; அதை யார் வேண்டுமானாலும் போலியாகப் போடலாம். சான்று தேறிய டொமைனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூ அழைப்பும் கல்லூரி அட்மிஷனும் மெயிலில் வருகிற காலம் இது. மறுப்பு என்றாலும் காரணம் தெரிந்தால், அனுப்பியவர் அன்றைக்கே வேறு வழியில் சேர்த்துவிடுவார்.