பழைய பைபர் படகு வாங்கப் போகிறீர்களா?

காரைக்கால் மாவட்டத்துக் கருக்களாச்சேரிக் கரையில் படகு தேடுபவரின் கண் முதலில் போவது எஞ்சினுக்குத்தான். போகட்டும். ஆனால் ஓடம் ஊறிப்போயிருந்தால் புது எஞ்சினும் வீண்.

எஞ்சின் மாட்டும் பின்பலகையை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ‘டக்’கென்று கேட்டால் நல்லது. ‘பொத்’தென்று கேட்டால் பைபருக்கு உள்ளே இருக்கும் மரம் நீர் குடித்திருக்கலாம். புதுப் பெயின்ட் பளபளக்கும் இடத்தில் இன்னும் இரண்டு தட்டு தட்டலாம்! கியர் ஆயில் பால் நிறத்தில் வந்தால், சீல் வழியாக நீர் புகுந்திருக்கிறது.

கடலில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். வலை, ஐஸ், ஆட்களின் எடைக்கு ஈடாகச் சுமை ஏற்றி, நீரோட்டத்தோடு ஒருமுறையும் எதிர்த்து ஒருமுறையும் ஓட்டுங்கள். செல்போன் ஜி.பி.எஸ். காட்டும் இரு வேகங்களின் சராசரியே உண்மை வேகம். டேங்கை நிரப்பிப் புறப்பட்டு, திரும்பியதும் மறுபடி நிரப்பினால் ஒரு கடல்மைலுக்கு (1.852 கி.மீ.) எத்தனை லிட்டர் என்பது தெரிந்துவிடும்.

நீரைக் கிழித்துப் போகும் கனமான படகில், தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 8 கடல்மைல் வேகத்தில் போவதை 7 ஆகக் குறைத்தாலே மணிக்குச் செலவாகும் எரிபொருளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். பெரிய எஞ்சின் ஆசைக்கு இந்தக் கணக்கு நல்ல மருந்து.

விசைப்படகு என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் கரையேற்றிய படகின் அடிப்பாகத்தைப் பார்த்துவிடலாம். ஓட்டிப் பார்க்கத்தான் காத்திருக்க வேண்டும். பதிவையும் கவனியுங்கள்: நாகப்பட்டினத்துப் படகு தமிழ்நாட்டுப் பதிவு, காரைக்கால் படகு புதுச்சேரிப் பதிவு. விலை பேசும் முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் பெயர் மாற்றத்தை விசாரித்துவிடுங்கள்.