டேட்டாபேஸுக்குள்ளேயே பின்னணி வேலை: பயனுள்ள குறிப்புகள்

ஆர்டர் பதிவானதும் ரசீது மெயிலில் போக வேண்டும். அதுவரை வாடிக்கையாளரைக் காக்க வைக்காமல் வேலையைப் பின்னணிக்குத் தள்ள, தனி மெசேஜ் சர்வர் இல்லாமலே டேட்டாபேஸ் கைகொடுக்கும். போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துவோருக்குச் சில குறிப்புகள்:

1. செய்தி தொலைந்தால் பரவாயில்லையா என்று முதலில் பாருங்கள். திரையைப் புதுப்பிக்கச் சொல்லும் தகவலுக்கு 'நோட்டிஃபை' கட்டளை போதும். பணம், ரசீது என்றால், செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக வைக்கும் க்யூ டேபிளில் எழுதி வையுங்கள்.

2. நோட்டிஃபை கிளம்பும்போது 'லிஸன்' போட்டு யாரும் காத்திருக்கவில்லை என்றால், செய்தி போனது போனதுதான்.

3. நோட்டிஃபையில் முழு விவரத்தையும் திணிக்காதீர்கள். வழக்கமான அமைப்பில் 8000 பைட்டுக்குள்தான் அடங்க வேண்டும். ஆர்டர் எண்ணை மட்டும் அனுப்புங்கள்.

4. ஆர்டரையும் க்யூ வரியையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதுங்கள். ஆர்டர் ரோல்பேக் ஆகி, மெயில் மட்டும் போகும் கூத்து நடக்காது. நோட்டிஃபையும் கமிட் ஆன பிறகுதான் கிளம்பும்.

5. க்யூவிலிருந்து எடுக்கும் செலக்டில் 'ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்ட்' சேருங்கள். வேலையைச் செய்யும் ஒரு ஒர்க்கர் பிடித்திருக்கும் வரியை மற்றொன்று தாண்டிப் போய்விடும். 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பு முதல் இந்த வசதி உண்டு, மைஎஸ்க்யூஎல்லில் 8.0 முதல்.

6. மெயில் போய் முடியும்வரை டிரான்சாக்‌ஷனைத் திறந்தே வைக்காதீர்கள். செத்த வரிகளை வேக்கூம் அகற்ற முடியாமல் டேபிள் ஊதிவிடும். 'எடுத்தாயிற்று' என்று நேரத்தோடு குறித்து, கமிட் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கெடு தாண்டிய வரிகளை மறுபடி க்யூவில் சேர்க்கவும் ஏற்பாடு வேண்டும்.

7. இப்படிச் செய்யும்போது ஒரே வேலை இருமுறை ஓடக்கூடும். ரசீது ஏற்கெனவே போய்விட்டதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். திரும்பத் திரும்பத் தோற்கும் வரியைத் தனி டேபிளுக்கு ஒதுக்குங்கள்.

8. இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் டிரான்சாக்‌ஷன் முறையில் ஓடினால் லிஸன் சரிப்படாது. அதற்கு மட்டும் நேரடி இணைப்பு கொடுங்கள்.

9. போஸ்ட்கிரெஸ் அல்லாதவற்றில், எஸ்க்யூஎல் சர்வரில் சர்வீஸ் புரோக்கரும் ஆரக்கிளில் அட்வான்ஸ்டு க்யூயிங்கும் இதே வேலைக்காகக் கூடவே வருகின்றன. சர்வீஸ் புரோக்கரில் ஒரு கவனம்: ஒரே செய்தி தொடர்ந்து 5 முறை ரோல்பேக் ஆனால், வழக்கமான அமைப்பில் அந்த க்யூவே நின்றுவிடும்.

10. போஸ்ட்கிரெஸில் க்யூ டேபிள், நோட்டிஃபை இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தலாம். வேலை டேபிளில் இருக்கட்டும். நோட்டிஃபை வெறும் அழைப்புமணி. மணி காதில் விழாத நேரத்துக்காக, நிமிடத்துக்கு ஒருமுறை டேபிளை எட்டிப் பார்க்கும்படி ஒர்க்கரை எழுதிவிடுங்கள். எந்த ரசீதும் விடுபடாது.